காத்தாடிக்காரி ஆவுடையின் பொய்க்காதலை நான் இயக்கிய வரலாறு

ஜூன் 12, திங்கள்

பூமியைத் தாங்கும் ஆதிசேஷன் மீதும், அதைவிட அதிகம் தாங்கும் என் பழைய ஆம்ப்ளிஃபயர் மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். இன்றுமுதல் இதில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதது உங்கள் குறை. எழுதாமல் விட்டால் அது என் குறை. என்மேல் குறை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நூறு வருஷம் கழித்து இதைப் படித்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப்போகிறவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் காலத்தில் மனிதர் மூன்று வகை. ஆல்ஃபா என்றால் உடம்பில் ஒரு வாசம், குரலில் ஓர் உறுமல். ஒமேகா என்றால் உடம்பில் ஒரு வாசம், ஊரையே மோப்பம் பிடிக்கும் மூக்கு. ஓர் ஆல்ஃபாவும் ஓர் ஒமேகாவும் மனசு ஒத்துப்போனால் இரண்டு வாசமும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும் என்பார்கள். மூன்றாவது வகை, பீட்டா. சுரண்டை 'பூதலிங்கம் சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளரான நான் அந்த உயர்ந்த வகை. சாம்பார் கருகினால் எனக்குத் தெரியும். மனுஷ வாசம் மட்டும் தெரியாது. அதனால்தான் எனக்கு மூளை பெரிது.

இன்று காலை கடையில் மைக் ஸ்டாண்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். என் அக்கா லோகாம்பாள் மகள் ஆவுடை, ஒமேகா, காற்றாலை டெக்னீஷியன், ஸ்கூட்டரை நிறுத்தாமலே உள்ளே வந்துவிட்டாள்.

"மாமா, ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எவ்வளவு பெருசு?"

"அம்மா மதுரை மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லப் போனா. எனக்கு ஏற்கெனவே ஆளு இருக்குன்னுட்டேன்."

"ஆளு யாருட்டி?"

"செந்தூர்பாண்டின்னு வாயில வந்துட்டு. எங்க சைட்டுல கீழ நிக்கவன்."

மதுரை மாப்பிள்ளை மணிமாறன். ஆல்ஃபா. பாத்திரக் கடை. குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் அம்மா போட்ட நிபந்தனை ஒன்று: கல்யாணத்துக்குப் பிறகு காற்றாலைக் காத்தாடியில் ஏறக் கூடாது. ஜூலையிலிருந்து ஒரு வரிசைக் காத்தாடி முழுக்க ஆவுடையின் பொறுப்பில் வருகிறது. ஓர் ஒமேகா தலைமை டெக்னீஷியன் ஆவது இந்த வட்டாரத்தில் இதுவே முதல்முறை. என் அக்காவோ மகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மின்விசிறியைக்கூட அண்ணாந்து பார்ப்பதில்லை. நிபந்தனை அவளுக்குக் கல்கண்டாக இனித்துவிட்டது.

"இறங்குன்னு சொன்னா செத்துருவேன் மாமா" என்றாள். அவள் மிகைப்படுத்திப் பேசுகிறவள் இல்லை. அந்த வேலை எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டுமே.

"கவலைப்படாதே. இந்தப் பொய்யை நான் இயக்குகிறேன்" என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

நாயகன் தேர்வு. செந்தூர்பாண்டி கடைக்குள் நுழைந்தபோது வாசல் சற்று ஒதுங்கி வழிவிட்டதை என் கண்ணால் கண்டேன். ஆல்ஃபா என்றால் ஆல்ஃபா. தோளில் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸை வைத்தாலும் மூன்றாவதுக்கு இடம் இருக்கும். ஆனால் கழுத்தில் பட்டையாகத் தைலம் பூசியிருந்தான்.

"கழுத்துக்கு என்னப்பா?"

"அவங்க மேல ஏறுனா நான் கீழ வாக்கி டாக்கியோட நிக்கணும் மாமா. அண்ணாந்து பாத்துப் பாத்து…"

"மத்தவங்க ஏறும்போதும் பாப்பியா?"

யோசித்தான். "மத்தவங்க ஏறும்போது வாக்கி டாக்கி போதும் மாமா."

கடமை உணர்வு மிக்க இளைஞன். குறித்துக்கொண்டேன்.

பொய்க்காதலனாக நடிக்க வேண்டும் என்று நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் சரி என்றான்.

"நடிப்பு வருமா?"

"வராது மாமா. சும்மா இருந்தாப் போதும்னா இருந்துக்கிடுதேன்."

ஆள் அசடுதான். ஆனால் நல்ல இயக்குநர் கையில் கல்லும் கண்ணீர் விடும். இவன் நான் டீ வாங்கிக் கொடுத்ததற்கே கண் கலங்கிவிட்டான்.

ஜூன் 15, வியாழன்

அரங்கேற்றம். என் வாழ்வில் மறக்க முடியாத மாலை.

இருவருக்கும் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தேன். எங்கே நிற்பது, எப்போது வெட்கப்படுவது, தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது விரல் படலாமா. (படலாம், ஒருமுறை.) வீட்டுக்குள் போனதும் இருவரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். செந்தூர் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடை கியர்பாக்ஸ் பற்றிப் பேசினாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான். தலையில் கைவைக்காத குறையாக நான் தூணோரம் நின்றேன்.

ஆனால் என் பயிற்சி வீண்போகவில்லை! அக்கா அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். நிலைப்படி தாண்டியதும் நின்றாள். மூக்கை லேசாகத் தூக்கினாள். காபித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மோடாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. எத்தனையோ திருவிழாவில் எக்கோ வைத்திருக்கிறேன், ஒரு மனுஷியை இப்படி அடக்கியதில்லை.

பக்கத்து வீட்டுக் கோமா டீச்சர், அவரும் ஒமேகா, சர்க்கரை வாங்குகிற சாக்கில் எட்டிப்பார்த்தார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். "ரொம்ப நல்லாருக்கு" என்றார். என் புதுச் சட்டையைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 17, சனி

ஆம்ப்ளிஃபயரில் எலி. இன்று நடிப்பு இல்லை என்று சொல்லியும் செந்தூர் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தானாம். ஒத்திகையில் இவ்வளவு ஆர்வம் காட்டுகிற நடிகனை நான் கண்டதில்லை.

ஜூன் 20, செவ்வாய்

என் மருமகள் ஒரு மேதை. இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, ஏனெனில் அந்த அறிவு தாய்மாமன் வழி வந்தது.

டெஸ்டர் கடன் வாங்க அவள் அறைக்குப் போனேன். கட்டில் மேல் ஒரு குவியல். செந்தூரின் பாதுகாப்பு ஜாக்கெட். அவனுடைய இரண்டு சட்டை. ஒரு கையுறை. ஹெல்மெட். எல்லாவற்றையும் வட்டமாகச் சுற்றி அடுக்கி, நடுவில் ஓர் ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்குப் பள்ளம். பருந்துகூட இவ்வளவு நேர்த்தியாகக் கூடு கட்டாது. மனசுக்குப் பிடித்துவிட்டால் ஒமேகாக்கள் இப்படிக் கூடு கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"என்னட்டி இது?"

அவள் முகம் சிவந்தது. "அது… நம்புறதுக்காக மாமா. அம்மா பாத்தா நம்பணும்லா."

"கதவைப் பூட்டி வச்சிருக்கியே. அம்மா எப்படிப் பாப்பா?"

"பூட்டுனாத்தான மாமா சந்தேகம் வரும்."

பார்த்தீர்களா? எதிரி திறக்க விரும்பும் கதவையே பூட்டி வைக்கிற தந்திரம்! இவளை ராஜதந்திரியாக அனுப்பினால் உலகில் சண்டையே இருக்காது. ஹெல்மெட் மட்டும் உறுத்தும், எடுத்துவிடு என்று ஆலோசனை சொன்னேன். "அது இருக்கட்டும் மாமா" என்று அணைத்து வைத்துக்கொண்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

மதுரைப் படையெடுப்பு.

மணிமாறனும் அவன் அம்மா திலகவதியும் காரில் வந்தார்கள். ஆவுடைக்கு ஆள் இருக்கிறது என்பதை அந்த அம்மாள் நம்பவில்லை. "நேர்ல பாத்துருவோம்னுதேன் வந்தோம்" என்றார். குற்றாலச் சாரல் இன்று சுரண்டைவரை வீசியது.

மணிமாறன் கூடத்தில் கால் வைத்ததும் ஒரு தும்மல். ஆவுடை பக்கத்தில் வந்தாள், இரண்டு தும்மல். செந்தூர் அவள் அருகில் வந்து நின்றான். அதன்பிறகு அந்தப் பையன் விட்ட தும்மலில் நாள்காட்டித் தாள்கள் பறந்து ஆடி மாதமே வந்துவிட்டது. மதுரைக்காரர்களுக்குச் சாரல் ஒத்துக்கொள்ளாது. மிளகு ரசம் வைக்கச் சொன்னேன்.

"ஏம்மா, உன் கையக் காட்டு" என்றார் திலகவதி அம்மாள். ஆவுடை காட்டினாள். காய்த்துப்போன உள்ளங்கை. "ஒமேகாப் புள்ளைக்கு இது தேவையா? எங்க வீட்டுக்கு வந்தா தரையில நடந்தாப் போதும்."

அப்போதுதான் அந்தச் சத்தம். அடியாழத்திலிருந்து, என் பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கரில் பேஸ் வைத்தது மாதிரி, கூடத்துச் சன்னல் அதிர்ந்தது. எல்லோரும் செந்தூரைப் பார்த்தார்கள். அவனே மிரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டான்.

பாவம், காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். ஓடிப்போய் நான்கு புரோட்டா வாங்கி வந்தேன். சாப்பிட்டான். ஆனால் கண் மட்டும் அந்த உள்ளங்கையிலேயே இருந்தது.

திலகவதி அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. "மூக்கு ஏமாத்தும். சளி பிடிச்ச மூக்கு இன்னும் ஏமாத்தும். தூக்கு வச்சுப் பாத்துருவோம்" என்றார். "பொய்யின்னு வந்துச்சுன்னா, உங்க பொண்ணு எங்களுக்கு."

அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

தூக்கு வைப்பது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். பையனும் பெண்ணும் உடுத்தியதில் ஆளுக்கொரு துண்டை ஒரே எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடி வைக்க வேண்டும். பிறகு சபையில் திறக்க வேண்டும். மனசு ஒத்திருந்தால் அந்த மூன்றாவது வாசம் எழும்பும். ஒக்காவிட்டால் இரண்டும் சண்டை போட்டுச் சபையே தும்மும். தூக்கு ஒரு பீட்டாவின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அவனுக்கு மூக்கு இல்லை, அதனால் வஞ்சகம் இல்லை.

இந்த விதியை வகுத்தவர்கள் என்னைச் சந்தித்ததில்லை.

ஜூன் 28, புதன்

சாயங்காலம் இருவரும் என் கடைக்கு வந்து துண்டுகளைக் கொடுத்தார்கள். ஆவுடையின் கை துண்டை எளிதில் விடவில்லை. காற்றில் ஆடும் கோபுரத்தின் உச்சியில் நட்டு முறுக்குகிற கை!

"மாமா, இது பொய்க்காதல். துண்டு உண்மையச் சொல்லிரும்லா?"

செந்தூர் ஸ்பீக்கர் வலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"மாமன் இருக்கேன்" என்றேன்.

உண்மை பேசப்போகிற துண்டை என்ன செய்வது? வாயை அடைப்பதுதான் வழி. அவர்கள் போனதும் வேலையில் இறங்கினேன். வெட்டிவேர், கிராம்பு, ஜவ்வாது, சாம்பிராணி, ரோஸ் எசன்ஸ், ஏலக்காய், கொஞ்சம் பட்டை. மூன்றாவது வாசம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உலகிலுள்ள எல்லா நல்ல வாசமும் சேர்ந்தால் அது வராமலா போகும்? இரண்டு துண்டையும் நன்றாக ஊறவைத்துப் பிழிந்து தூக்கில் போட்டு மூடினேன். அமிர்தம் கடைந்த தேவர்கள்கூட இவ்வளவு சரக்குச் சேர்க்கவில்லை.

ஜூன் 30, வெள்ளி

கல்யாண வீட்டுக்கு இரண்டு மைக் போயிற்று. தூக்கின் மூடி தானாக ஒருமுறை 'டப்' என்றது. நல்ல சகுனம்.

ஜூலை 2, ஞாயிறு

பேனா ஓட மறுக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக் கூடத்தில் சபை. மதுரைக்காரர்கள், கோமா டீச்சர், தெருவில் பாதி. நடுவில் மாசிலாமணி அண்ணாச்சி. ஏழூருக்கும் தூக்கு திறக்கிறவர். அந்த ஒமேகா மூக்கு கடையநல்லூரில் தாளித்தால் சுரண்டையில் கடுகா உளுந்தா என்று சொல்லும்.

அண்ணாச்சி மூடியைத் திருகினார்.

அதன்பிறகு நடந்ததை எந்த மொழியிலும் எழுத முடியாது. முன்வரிசை எழுந்து ஓடியது. மணிமாறன் தும்மிக்கொண்டே கார்வரை போய்விட்டான். வாசலில் கட்டியிருந்த ஆடு உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சி கண்ணில் தாரைதாரையாக நீர்.

"ஏலே பூதலிங்கம், இது கல்யாணத் தூக்கா, பிரியாணித் தூக்கா? இதுல எவன்ல பட்டை போட்டது?"

நான் கூரையில் ஒரு பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

திலகவதி அம்மாள் முந்தானையால் மூக்கை மூடியபடி எழுந்தார். "மறைக்க ஒண்ணும் இல்லேன்னா மசாலா எதுக்கு? அப்பப் பொய்தேன். லோகாம்பா, வாக்கு வாக்குத்தேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக அவள் என்னை முறைத்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை.

ஆவுடை எழுந்து நடுவில் வந்தாள்.

"ஆமா, பொய்தான்" என்றாள். "எனக்கும் செந்தூருக்கும் ஒண்ணுமில்ல. நான்தான் வாய்க்கு வந்த பேரச் சொன்னேன். அவன் எனக்காக நடிச்சான். மாமா எங்களுக்காகக் கிறுக்குத்தனம் பண்ணுனாரு. அவங்கள ஒண்ணும் சொல்லாதிய. ஆனா காத்தாடி பொய் இல்ல. அத விட்டு இறங்கமாட்டேன். மதுரைக்காரரக் கட்டுனாலும் சரி, ஒருத்தரயும் கட்டாட்டாலும் சரி, நாளைக்குக் காலையில ஏறுவேன். உங்க வாக்க நீங்க குடுத்திய. நான் குடுக்கல."

ஒமேகா என்றால் மென்மை என்று எழுதியவன் கையில் என் சால்டரிங் குச்சியைச் சூடாக வைக்க வேண்டும். என் மார்பு விரிந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து எதிர்ச்சுவரில் பட்டது.

பிறகு அண்ணாச்சி சிரித்தார். முதலில் குலுங்கினார், அப்புறம் துண்டால் வாயைப் பொத்தினார். கோமா டீச்சர் சிரித்தார். தெருவே சிரித்தது.

"ஏட்டி, இங்க மூக்கு உள்ளவன் எல்லாரும் ஆனி பிறக்க முன்னயே கண்டுக்கிட்டோம்" என்றார் அண்ணாச்சி. "நீங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல தெருவத் தாண்டுனா ஒரு வாசம் வரும் பாரு, மழைக்கு முந்துன மண்ணு மாதிரி. தூக்கு எதுக்கு இதுக்கு? ஒருத்தர் ஒருத்தரோட நடிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தியளாக்கும்?"

"எங்களுக்கு ஏன் தெரியல?" என்றாள் ஆவுடை.

"தன் கொறட்டை தனக்குக் கேக்குமா?"

"அப்ப முன்னமே சொல்லியிருக்கலாம்லா!"

"காதலிக்கவளப் பாத்து நீ காதலிக்கேன்னு சொல்லச் சொல்லுதியா? தெரிஞ்சுதான் செய்யுதியன்னு நெனச்சோம். தெரியாதது மூணு பேருக்குத்தான். மூணாவது ஆளு அந்தா பல்லி பாக்கான்."

இது சரியான தகவல் அல்ல. இயக்குநருக்கு எல்லாம் தெரியும். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆவுடை செந்தூர் பக்கம் திரும்பினாள். அவன் வழக்கம்போல அழுதுகொண்டிருந்தான்.

"நீ நடிச்ச தானடா?"

"நடிக்க வராதுன்னு மாமாட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்."

"எங்கிட்டச் சொல்ல என்ன? தினம் வாக்கி டாக்கில பேசுத!"

"அதுல மொத்த சைட்டும் கேக்கும்."

அவள் சிரித்தாள். அப்புறம் அவளும் அழுதாள். ஆல்ஃபாவும் ஒமேகாவும் போட்டிபோட்டு அழ, கூடத்தில் முழங்காலளவு வெள்ளம். திலகவதி அம்மாள் செருப்பைத் தேடினார். நியாயமான பெண்மணி. "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டே போனார்.

ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"ஆளு சரி. அது எனக்கும் முதல் நாளே தெரிஞ்சுட்டு" என்றாள். "காத்தாடிக்கு நான் சரின்னு சொல்லல."

அவள் செந்தூரைப் பார்த்துக் கேட்டாள். "நீ கீழ நிக்கியே. நீ நின்னா அவ விழாம இருப்பாளா?"

ஆம் என்று சொல்லடா, மடையா, என்று நான் கண்ணாலேயே கதறினேன்.

"இல்ல அத்தை" என்றான். "நான் நின்னாலும் நிக்காட்டாலும் அவ விழமாட்டா. கொக்கியப் போடாம ஒரு படி ஏறமாட்டா. காத்து கூடிட்டுன்னா மேனேஜரே சொன்னாலும் ஏறமாட்டா. அவளுக்கு வேலை தெரியும். நான் நிக்கது, பாக்கணும்னுதான்."

அக்கா தூக்கை எடுத்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

ஜூலை 3, திங்கள்

போனோம். காற்று மட்டாக இருந்தது. காத்தாடியின் சிறகுகளை நிறுத்தியிருந்தார்கள். ஆவுடை பெல்ட்டைக் கட்டி, கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். கோபுரத்தின் அடியிலுள்ள கதவுக்குள் போய்விட்டாள். உள்ளே ஏணி. வெளியே நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் வெள்ளைத் தூண், அதற்குமேல் மேகம்.

அக்கா தரையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்திருந்தாள். என் எலும்பெல்லாம் மாவாகிவிட்டது.

செந்தூர் சொன்னான், "அத்தை, இப்பப் பாருங்க."

உச்சியில் மூடி திறந்தது. ஒரு மஞ்சள் ஹெல்மெட். ஒரு கை அசைந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆடு உட்காரவில்லை, அது ஏற்கெனவே படுத்திருந்தது. பொத்தான் முந்தின நாளே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் முழங்காலளவு இல்லை. ஆல்ஃபா, ஒமேகா, மூன்றாவது வாசம் எல்லாமே இந்தச் சுரண்டைக்காரன் கட்டிவிட்ட சரக்கு என்று வைத்துக்கொண்டாலும் நான் வழக்குப் போடமாட்டேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்தது. என் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு செந்தூர் கையிலிருந்த வாக்கி டாக்கியை வாங்கி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டு, அழுத்தி, மொத்த சைட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஏட்டி, அங்கேருந்து நம்ம வீடு தெரியுதா?"

இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.